புறக்கணிப்பும் ஒதுக்கிவைப்பும்: டர்பனில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பாடம் முடிந்து டீ குடிக்கும்போது பேச்சு எப்படியும் அந்த வாரத்துச் சண்டைக்கு வந்துவிடும். எந்தக் கடைக்குப் போகக்கூடாது, யார் என்ன எழுதி மாட்டிக்கொண்டார், யாருக்கு வேலை போனது என்று. இங்கேயே பிறந்த பிள்ளைகள் ஆங்கிலத்தில் கேட்பார்கள். ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் தமிழில் கேட்பார்கள். பெரியவர்கள் இரண்டையும் கலந்து கேட்பார்கள். சந்தேகம் எல்லாருக்கும் ஒன்றுதான். கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளைத் தமிழில் எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

பாய்காட்னா ஒரு கடையில வாங்காம இருக்கிறதுதானே டீச்சர்?

நீங்கள் ஒருவர் மட்டும் வாங்காமல் இருந்தால் அது உங்கள் விருப்பம், அவ்வளவுதான். பலர் பேசி வைத்துக்கொண்டு, "இதை மாற்று, மாற்றும்வரை உன்னிடம் வாங்க மாட்டோம்" என்று சொல்வது புறக்கணிப்பு. வாங்குவது மட்டும்தான் என்றில்லை. ஓட்டுப் போட மறுக்கலாம், பஸ் ஏற மறுக்கலாம், எதிரணியோடு ஆட மறுக்கலாம்.

பாய்காட் என்பது ஒரு மனிதரின் பெயர். 1880ல் அயர்லாந்தின் மேயோ பகுதியில் ஒரு நிலப்பிரபுவுக்குக் குத்தகை வசூலித்தவர் சார்லஸ் பாய்காட். குத்தகையைக் குறைக்க மறுத்தார், கட்டாதவர்களை வெளியேற்றப் பார்த்தார். ஊர் முழுக்க அவரோடு புழங்குவதை நிறுத்தியது. வயலுக்கு ஆள் வரவில்லை, கடைக்காரர் சாமான் கொடுக்கவில்லை, கடிதம் கொண்டுவரக்கூட ஆள் இல்லை. வெளியூரிலிருந்து சுமார் 50 பேரைக் கூட்டிவந்து, ராணுவக் காவல் போட்டுத்தான் அறுவடை செய்தார்கள். அந்தக் காவலுக்கு ஆன செலவு விளைச்சலின் மதிப்பைவிடப் பல மடங்கு. உலகின் முதல் "பாய்காட்" ஒரு கடையை அல்ல, ஒரு ஆளைத்தான் ஒதுக்கியது என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

அப்போ கேன்சல் கல்ச்சர்ங்கிறது மட்டும் வேறயா?

வேர் ஒன்றுதான், வளர்ந்த விதம் வேறு. 2013 டிசம்பரில் ஒரு பெண் லண்டனிலிருந்து கேப் டவுனுக்கு விமானம் ஏறும் முன்பு, ஆப்பிரிக்காவையும் எய்ட்ஸையும் சேர்த்து ஒரு மோசமான நகைச்சுவையை ட்விட்டரில் எழுதினார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் சுமார் 170 பேர். சுமார் 11 மணி நேரம் அவர் வானத்தில் இருந்தார். இறங்கிப் போனை ஆன் செய்தபோது உலகமே அவரைத் திட்டிக்கொண்டிருந்தது. வேலை போய்விட்டது. எழுதியது தவறு, அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் அத்தனை பேரும் அவரிடம் என்ன கேட்டார்கள்? எதுவும் கேட்கவில்லை. அவர் என்ன செய்திருந்தால் அது நின்றிருக்கும்? அதற்கும் பதில் இல்லை.

நம் ஊர்களில் இதற்குப் பழைய பெயர் இருக்கிறது: ஊர்விலக்கு, தள்ளிவைப்பு. பஞ்சாயத்து கூடும், அந்த வீட்டோடு யாரும் அன்னம் தண்ணி புழங்கக்கூடாது என்று சொல்லிவிடும். சாதி மாறிக் கட்டிக்கொண்டதற்கெல்லாம் அப்படித் தள்ளிவைத்தார்கள். போனில் நடப்பதால் அது புதிதாகிவிடாது.

ஆகவே நான் நான்கு விஷயம் பார்ப்பேன். கோரிக்கை என்ன? பாதிக்கப்பட்டவர்களே கேட்கிறார்களா, அல்லது வேறு யாரோ அவர்கள் பெயரில் கேட்கிறார்களா? அடி யார்மேல் விழுகிறது? எப்போது முடியும்? இந்த நான்கிற்கும் பதில் இருந்தால் அது புறக்கணிப்பு. இல்லையென்றால் தண்டனை. கீழே உள்ள பதில்களில் இந்த நான்கையும் திரும்பத் திரும்ப எடுப்பேன்.

இதெல்லாம் வெள்ளைக்காரங்க சண்டை. நமக்கு எதுக்கு?

நம் வீடுகளுக்குள்ளேயே நடந்த விஷயம் இது. 1946ல் இந்தியர்கள் நிலம் வாங்குவதையும் குடியிருப்பதையும் கட்டுப்படுத்திய சட்டத்தை எதிர்த்து, டர்பனில் கேல் தெருவும் அம்பிலோ சாலையும் சேரும் முனையில் இருந்த காலி இடத்தில் நம்மவர்கள் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் டாக்டர் மான்டி நாயக்கர். சுமார் 2,000 பேர் சிறைக்குப் போனார்கள். அதே ஆண்டு இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை நிறுத்தியது. இந்த நாட்டின் மேல் அப்படித் தடை போட்ட முதல் நாடு அதுதான்.

1957ல் ஜோகன்னஸ்பர்க் பக்கத்து அலெக்ஸாண்ட்ராவில் பஸ் கட்டணம் 4 பென்ஸிலிருந்து 5 பென்ஸ் ஆனது. ஒரு பென்னிதான். மக்கள் பஸ் ஏறாமல் சுமார் மூன்று மாதம் வேலைக்கு நடந்தே போனார்கள், போக 15 கிலோமீட்டர், வர 15 கிலோமீட்டர். பழைய கட்டணமே நீடிக்கும்படி அரசு சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. 1959ல் பெத்தல் பண்ணைகளில் கூலிகளை அடிமைபோல் நடத்தியதற்காக உருளைக்கிழங்கைச் சாப்பிட மறுத்தார்கள். ஏழை வீட்டில் உருளைக்கிழங்கு இல்லாவிட்டால் அடுப்பில் வேறென்ன இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

84 எலக்‌ஷன்ல ஓட்டுப் போட்டவங்களை ஒதுக்கி வெச்சாங்களாமே, அது சரியா?

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1984ல் வெள்ளையர் அரசு மூன்று அவைகள் கொண்ட நாடாளுமன்றத்தை உண்டாக்கியது. கலப்பினத்தவருக்கு ஒன்று, இந்தியர்களுக்கு ஒன்று, அதிகாரம் முழுக்க வெள்ளையர் அவையிடம். கறுப்பின மக்களுக்கு எதுவுமே இல்லை. அந்தத் தேர்தலைப் புறக்கணிக்கும்படி இனஒதுக்கலை எதிர்த்த ஐக்கிய ஜனநாயக முன்னணியும் நேட்டால் இந்தியக் காங்கிரஸும் கேட்டன. பதிவு செய்த இந்தியர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்கே ஓட்டுப் போட்டார்கள். அது நேர்மையான புறக்கணிப்பு. கேட்டது யார், எதற்கு, எது நடந்தால் முடியும் என்பதெல்லாம் தெளிவாக இருந்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமைதான்.

ஆனால் எங்கள் தெருவில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாலு வீடு தள்ளி இருந்த ஒரு மாமா தன் வேலி மேல் ஒரு வேட்பாளரின் போஸ்டரைக் கட்டினார். அடுத்த வருஷம் அவர் மகளுக்குக் கல்யாணம். மண்டபத்தில் 300 நாற்காலி போட்டிருந்தார்கள். எங்கள் ஆயா, என் பாட்டி, மட்டும் யார் பேச்சையும் கேட்காமல் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். நாற்பது பேர் இருந்திருந்தால் அதிகம். பின்பக்கம் மூன்று பெரிய அண்டாவில் காய்கறி பிரியாணி மூடியபடி இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் எதுவும் பேசவில்லை. அந்த அக்கா மணையில் தலையை நிமிர்த்தவே இல்லை. அவருக்கு அந்தத் தேர்தலில் ஓட்டே கிடையாது, வயது 18 ஆகவில்லை. எங்கள் அப்பா வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஆயா அவரிடம் கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பொண்ணு யாருக்கு ஓட்டுப் போட்டுச்சு?"

தேர்தலைப் புறக்கணித்தது சரி. அந்தக் கல்யாணத்தைப் புறக்கணித்தது தவறு. இரண்டையும் செய்தது ஒரே மக்கள்தான்.

கேன்சல் பண்றதெல்லாம் லெஃப்ட் ஆளுங்கதானே?

இல்லை. 2003ல் ஈராக் போருக்குச் சற்று முன்பு, அமெரிக்கப் பாட்டுக் குழுவான டிக்ஸி சிக்ஸின் பாடகி லண்டன் மேடையில், அதிபர் தங்கள் டெக்சாஸ்காரர் என்பதே வெட்கமாக இருக்கிறது என்றார். வலதுசாரி ரசிகர்கள் குறுந்தகடுகளை நசுக்கினார்கள், வானொலி நிலையங்கள் அவர்கள் பாட்டை நிறுத்தின. தேசிய கீதத்தின்போது மண்டியிட்டு இனவெறியை எதிர்த்த அமெரிக்கக் கால்பந்து வீரர் காலின் கேப்பர்நிக்குக்கு 2016 பருவத்துக்குப் பிறகு எந்த அணியும் இடம் தரவில்லை. 2023ல் பட் லைட் பீர் ஒரு திருநங்கையை வைத்து விளம்பரம் செய்ததற்காக வலதுசாரிகள் வாங்குவதை நிறுத்தினார்கள். அந்த பீர் அமெரிக்க விற்பனையில் முதலிடத்தையே இழந்தது.

இங்கேயும் அப்படித்தான். 2017ல் ஜோகன்னஸ்பர்க்கின் ஒரு ஸ்பர் உணவகத்தில் கறுப்பினப் பெண் ஒருவரிடம் சண்டையிட்ட வெள்ளையரை நிறுவனம் உள்ளே வரக்கூடாது என்றது. வெள்ளையர் பலர் ஸ்பர் பக்கமே போகாமல் இருந்தார்கள், வியாபாரம் குறைந்ததை நிறுவனமே ஒப்புக்கொண்டது. அடுத்த ஜனவரியில் கறுப்பினச் சிறுவன் ஒருவனுக்குக் குரங்கு என்று எழுதிய சட்டையைப் போட்டு விளம்பரம் செய்த எச் அண்ட் எம் கடைகளை இடதுசாரி ஈஎஃப்எஃப் கட்சிக்காரர்கள் அடித்து நொறுக்கினார்கள். அந்த விளம்பரம் அருவருப்பானதுதான். வாங்க மறுத்திருந்தால் நானும் சேர்ந்திருப்பேன். கடையை உடைப்பதற்குப் பெயர் புறக்கணிப்பு இல்லை.

நம் மொழியிலும் பாருங்கள். 2015 ஜனவரியில் 'மாதொருபாகன்' நாவலுக்காகச் சாதி அமைப்புகளும் மத அமைப்புகளும் சேர்ந்து நெருக்கியதில் பெருமாள்முருகன் எழுதுவதையே விடுவதாக அறிவித்தார். திருச்செங்கோட்டில் கடையடைப்பே நடத்தினார்கள். 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் மறுபடி எழுத வந்தார். அவரை ஒதுக்கியவர்களை யாரும் இடதுசாரி என்று சொல்ல மாட்டார்கள்.

அப்போ வெறுப்பாப் பேசினவங்களைச் சும்மா விட்டுடணுமா?

விடவே கூடாது. நம் தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 16ஆவது பிரிவு பேச்சுரிமை தருகிறது. அதே பிரிவு, இனம், மதம், பாலினம் சார்ந்த வெறுப்பைப் பரப்பித் தீங்குக்குத் தூண்டும் பேச்சுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்றும் சொல்கிறது. சமத்துவ நீதிமன்றம் இதற்காகவே இருக்கிறது.

2016 புத்தாண்டு முடிந்த கையோடு, நம் தென்கரைப் பக்கத்து பென்னி ஸ்பாரோ கடற்கரைக்கு வந்த கறுப்பின மக்களைக் குரங்குகள் என்று முகநூலில் எழுதினார். சமத்துவ நீதிமன்றம் 1,50,000 ரேண்ட் கட்டச் சொன்னது. அதே ஜனவரியில் கௌட்டெங் மாகாண அரசு ஊழியர் வெலாபி குமாலோ, ஹிட்லர் யூதர்களுக்குச் செய்ததை வெள்ளையர்களுக்குச் செய்ய வேண்டும் என்று எழுதினார். அதையும் நீதிமன்றம் வெறுப்புப் பேச்சு என்றே தீர்த்தது. எனக்குப் பிடித்தது இந்த இடம்தான். இரண்டு பேருக்கும் ஒரே அளவுகோல், இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வாய்ப்பு, தீர்ப்புக்கு ஓர் எல்லை. கூட்டம் தண்டித்தால் இந்த மூன்றில் ஒன்றும் இருக்காது.

பாய்காட் பண்ணா கடைசியில ஏழைத் தொழிலாளிக்குத்தானே அடி?

உண்மைதான், மறைக்க வேண்டாம். 1959 டிசம்பரில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் ஆல்பர்ட் லுதூலி, மான்டி நாயக்கர், லிபரல் கட்சியின் பீட்டர் பிரவுன் மூவரும் சேர்ந்து பிரிட்டிஷ் மக்களிடம் தென்னாப்பிரிக்கப் பொருள்களை வாங்காதீர்கள் என்று கேட்டார்கள். அதில் இந்தக் கேள்விக்கு நேராகவே பதில் இருக்கிறது: ஆப்பிரிக்கர்கள் கஷ்டப்படுவார்கள், சந்தேகமில்லை, ஆனால் ரத்தம் சிந்தும் காலம் அதனால் குறையுமென்றால் அந்த விலையைக் கொடுக்கத் தயார் என்றார்கள். கஷ்டப்படப் போகிறவர்களே கேட்டார்கள், அதுதான் வித்தியாசம். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள் என்றும் சொல்ல முடியாது. இனஒதுக்கலை வாழ்நாள் முழுக்க எதிர்த்த ஹெலன் சுஸ்மனே பொருளாதாரத் தடை வேண்டாம் என்றுதான் சொன்னார்.

1984ல் டப்ளின் நகரின் ஒரு டன்ஸ் கடையில் 21 வயது காசாளர் மேரி மேனிங், தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த பம்ப்ளிமாஸ் போன்ற கிரேப்ஃப்ரூட் பழத்துக்கு பில் போட மறுத்தார். தொழிற்சங்கம் சொன்னதைச் செய்தார். வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார், கூட வேலை செய்தவர்களும் வெளியே வந்தார்கள். கிட்டத்தட்ட மூன்று வருஷம் கடை வாசலில் நின்றார்கள். 1987ல் அயர்லாந்து நம் நாட்டுப் பழம், காய்கறி இறக்குமதியையே நிறுத்தியது. மேரி மேனிங் வேறொருவர் தலையில் செலவை ஏற்றவில்லை, தன் சம்பளத்தையே கொடுத்தார்.

நிஜமாவே பலன் இருந்துச்சா, இல்ல சும்மா மனசுத் திருப்தியா?

1985 ஜூலையில் போர்ட் எலிசபெத்தில் கறுப்பின மக்கள் வெள்ளையர் கடைகளில் வாங்குவதை நிறுத்தினார்கள். குடியிருப்புகளிலிருந்து ராணுவம் வெளியேற வேண்டும், பிடித்து வைத்தவர்களை விட வேண்டும் என்று பட்டியல் போட்டுக் கேட்டார்கள். வியாபாரம் படுத்ததும் கடைக்காரர்களே அரசிடம் போய் நின்றார்கள். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது பேச்சுவார்த்தை நடந்து, கொஞ்ச காலத்துக்கு நிறுத்தி வைத்தார்கள். நிறுத்தவும் தெரிந்தவர்கள் நடத்தியதால் அதற்கு மதிப்பு இருந்தது. அடுத்த ஆண்டு பார்க்லேஸ் வங்கியே நாட்டை விட்டுப் போனது. இங்கிலாந்து மாணவர்கள் அந்த வங்கியில் கணக்குத் திறக்காமல் பல வருஷம் இருந்ததற்கும் அதில் பங்கு உண்டு.

இருண்ட பக்கமும் இருக்கிறது. அந்த வருஷங்களில் வெள்ளையர் கடையில் வாங்கி வந்த கிழவிகளை இளைஞர்கள் மறித்து, பையில் இருந்த சமையல் எண்ணெயையும் சோப்புத் தூளையும் அவர்கள் வாயிலேயே ஊற்றிய சம்பவங்கள் பல ஊர்களில் நடந்தன. நோக்கம் நல்லது என்பதற்காக இதை மறைக்கக்கூடாது என்று வகுப்பில் எப்போதும் சொல்லுவேன்.

"இந்தியன் கடையில வாங்காதே"ன்னு மெசேஜ் வருது. அதுவும் பாய்காட்தானே, நாம எப்படிக் குறை சொல்லலாம்?

2021 ஜூலைக் கலவரத்தில், டர்பனில் இந்தியர் அதிகம் வாழும் பீனிக்ஸில் 36 பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலும் கறுப்பின மக்கள். அந்தத் துயரத்தை நாம் சிறிதாக்கிப் பேசக்கூடாது. கொன்றவர்களுக்குத் தண்டனை வேண்டும் என்று கேட்பது நியாயம். சம்பளம் சரியாகத் தராத, வாடிக்கையாளரை மரியாதையில்லாமல் நடத்தும் ஒரு கடையைப் பெயர் சொல்லிப் புறக்கணித்தாலும் நியாயம்தான், கடைக்காரர் நம்மவராக இருந்தாலும் சரி.

ஆனால் "இந்தியன்" என்பதற்காக என்றால், கடைக்காரர் எதை மாற்றிக்கொள்ள முடியும்? பிறப்பையா? 1933 ஏப்ரல் 1ஆம் தேதி நாஜிகள் யூதர் கடை வாசல்களில் ஆள் நிறுத்தியது இந்த வகைதான். இதையே திருப்பியும் பாருங்கள். "ஜூலுக்காரர்களை வேலைக்கு வைக்காதே" என்று நம் குழுக்களில் வரும் செய்தியும் அதே விஷம்தான். முதல் செய்திக்குக் கொதிக்கிறவர்கள் இரண்டாவதுக்குப் பேசாமல் இருந்தால் எனக்கு அது பெரிய வருத்தம்.

ஸ்ரீலங்கா டீம் கிங்ஸ்மீட்ல ஆடினா நான் பார்க்கப் போகலாமா?

இது ஊரிலிருந்து வந்த தம்பி ஒருவர் கேட்டது. கேட்கும்போது குரல் நடுங்கியது. 2009ல் முள்ளிவாய்க்காலில் நடந்ததை நினைத்துப் போகாமல் இருக்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. மைதானத்துக்கு வெளியே பதாகையோடு நின்றால் நானும் கூட நிற்பேன்.

இந்த நாட்டின் விளையாட்டுப் புறக்கணிப்புக்கு ஒரு தெளிவு இருந்தது. இயல்பில்லாத சமூகத்தில் இயல்பான விளையாட்டு இருக்க முடியாது என்றார்கள். இனம் பார்த்து அணி சேர்ப்பதை நிறுத்து என்றார்கள். அது நடந்ததும் 1991 நவம்பரில் கொல்கத்தாவில் தென்னாப்பிரிக்கா மறுபடி ஆடியது. 2013ல் சென்னையில் ஐபிஎல் போட்டிகளில் இலங்கை வீரர்கள் ஆடக்கூடாது என்று தமிழக அரசு சொன்னபோது, பெங்களூரு அணியில் இருந்த முத்தையா முரளிதரனும் வெளியே உட்கார வேண்டியதாயிற்று. அவரே தமிழர். இரண்டாவது பதிலில் சொன்ன மூன்றாவது விஷயத்தை, அடி யார்மேல் விழுகிறது என்பதை, இங்கே வைத்துப் பாருங்கள். அரசிடம் கேட்க வேண்டிய கணக்கைப் பந்து வீசுகிறவரிடம் கேட்டதுபோல் ஆகிவிட்டது. நீங்கள் வேறு மாதிரி நினைக்கலாம், தம்பி. அதற்காக உங்களோடு பேச்சை நிறுத்த மாட்டேன்.

ஒருத்தரைத் திட்டி வாட்ஸப்ல வருது. ஃபார்வேர்ட் பண்ணா என்ன ஆயிடும்?

அவதூறு வழக்கு வரலாம். 2013ல் பிரிட்டோரியா உயர்நீதிமன்றம் ஒரு முகநூல் வழக்கில் 40,000 ரேண்ட் கொடுக்கச் சொன்னது. எழுதியவர் மட்டுமல்ல, அதில் டேக் செய்யப்பட்டு, தெரிந்தும் தன் பெயரை விலக்கிக்கொள்ளாமல் இருந்தவரும் பொறுப்பு என்றது. சட்டத்தை விடுங்கள். அனுப்பும் முன் முழு வீடியோவையும் பாருங்கள், தேதியைப் பாருங்கள். தெரிந்தவர் என்றால் முதலில் அவருக்கே போன் செய்யுங்கள்.

என் பையன் ஏதோ எழுதி, வேலையை விட்டே தூக்கிட்டாங்க. என்ன செய்யறது அக்கா?

முதல் வேலை, 30 நாட்களுக்குள் சிசிஎம்ஏவில் மனு கொடுங்கள். வேலைநீக்கத் தகராறுகளுக்கான அரசு அமைப்பு அது, மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டாவது, எழுதியது தவறு என்றால் யாரைப் புண்படுத்தினானோ அவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள். "யாராவது புண்பட்டிருந்தால்" என்று பொதுவாக எழுதிப் போடுவது மன்னிப்பு இல்லை. தவறு இல்லை என்றால் பயந்து மன்னிப்புக் கேட்க வைக்காதீர்கள்.

மாறிட்டேன்னு சொல்றவங்களை நம்பித் திரும்பச் சேர்த்துக்கலாமா?

1984ல் இந்தியர் அவைக்குத் தலைமை தாங்கிய அமிச்சந்த் ராஜ்பன்சியைத் துரோகி என்று சொல்லாத ஆள் அன்று குறைவு. 1994க்குப் பிறகு அதே மனிதர் குவாசுலு-நேட்டால் மாகாண சட்டமன்றத்தில் உட்கார்ந்தார், பின்னர் மாகாண விளையாட்டு அமைச்சராகவும் இருந்தார். எனக்கு அவர் அரசியல் பிடித்ததில்லை. ஆனால் நாற்காலியை ஓட்டுதான் கொடுத்தது.

கல்யாணத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த அக்காவைப் பிறகு பார்த்தீர்களா என்று பிள்ளைகள் கேட்பார்கள். பார்த்தேன். அப்பா காலமான பிறகு ஒரு மாரியம்மன் கூழ் ஊற்றும் விழாவில் பக்கத்துப் பக்கத்தில் நின்று பானை கிளறினோம். நானே பேச்சை எடுத்தேன், அன்று அப்பா வராதது தவறு என்றேன். அவர் கரண்டியை நிறுத்தவில்லை. "உன் ஆயா அன்னைக்கு எனக்கு ஒரு பச்சைப் புடவை குடுத்தாங்க" என்றார். "இன்னும் வெச்சிருக்கேன்." பிறகு அடி பிடிக்கிறது, வேகமாகக் கிளறு என்றார்.